சான்று எங்கே?

"சொன்னவர் பெரியவர், ஆகவே சொன்னது மெய்!" இந்த ஒரு வாதத்தின் மீது எத்தனை அரியணைகள் நிலைத்தன, எத்தனை பீடங்கள் எழுந்தன! இன்று அதே பீடத்தில் பொறியை ஏற்றி வைக்கிறோம். "சொன்னது கணிப்பொறி, ஆகவே மெய்!" என்கிறோம். அமர்ந்திருப்பவர் மாறினார், அடிபணியும் பழக்கம் மாறவில்லை.

1977ஆம் ஆண்டு, ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் எனும் அறிஞர் மூவர், மறைசெய்திக்குப் புதுப்பூட்டு ஒன்று சமைத்தனர். பேரெண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது அரிது என்பதே அப்பூட்டின் வலிமை. 129 இலக்க எண் ஒன்றைக் காட்டி அறைகூவினர். அதை உடைக்கக் கோடானுகோடி ஆண்டுகள் ஆகும் என மதிப்பிடப்பட்டது. ஆனதோ 17 ஆண்டுகள்! 1994இல் ஏறத்தாழ 600 பேர் தம் கணிப்பொறிகளின் உழைப்பைத் திரட்டி உடைத்தெறிந்தனர். வல்லுநர் வாக்கும் வேதவாக்கன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எண்ணைப் பெரிதாக்கிப் பூட்டை வலுப்படுத்தினர். ஆயினும் அதே 1994இல் பீட்டர் ஷோர் என்பார், குவாண்டம் கணிப்பொறியால் அத்தகைய எண்களையும் விரைந்து பிரிக்கும் வழியைக் காட்டினார். அதற்கேற்ற பெரும்பொறி இன்னும் உருவாகவில்லை. உருவாகட்டும் என்று காத்திருக்கலாமோ? கூடாது. இன்று களவாடப்படும் மறைசெய்தி, நாளை வரும் திறவுகோலுக்காகக் காத்துக் கிடக்கும். எனவேதான் 2024 ஆகஸ்டில் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் புதிய காப்பு முறைகளுக்கு மூன்று தரங்களை வெளியிட்டது.

அஞ்சத்தக்க அந்தப் பொறியிடமும் ஓர் அருங்குணம் உண்டு. 2001இல் ஏழு குவாண்டம் பிட்டுகள் கொண்ட பொறி, 15ஐ மூன்றாகவும் ஐந்தாகவும் பிரித்தது. சரியா? பள்ளிச் சிறுவன் பெருக்கிப் பார்த்துச் சொல்வான்! ஆற்றல் பொறியினது, தீர்ப்பு சிறுவனுடையது.

செயற்கை நுண்ணறிவிடம் செல்வோம். 2023இல் நியூயார்க் நகரில் வழக்கறிஞர் இருவர், அது தந்த முன்வழக்குகளை நீதிமன்றத்தில் அடுக்கினர். "இவ்வழக்கு உண்மையா?" என அவர்களுள் ஒருவர் அதனிடமே கேட்டார். "உண்மை" என்றது பொறி. உண்மையில் அப்படி வழக்கே இல்லை! பொய்ச்சாட்சியின் நேர்மைக்குப் பொய்ச்சாட்சியையே சாட்சியாக அழைத்த கதை இது. கற்ற சொற்குவியலிலிருந்து அடுத்து வரத்தக்க சொல்லைத் தேர்ந்து தொடுப்பது அப்பொறியின் வேலை; தொடுத்தது மெய்யாயினும் பொய்யாயினும் நடை ஒன்றுதான், தடுமாற்றம் இராது.

"மனிதன் தவறுவதில்லையா?" என்பீர்கள். தவறுகிறான், ஆனால் தவறியவனை நிறுத்திக் கேட்க முடிகிறது. அவ்வழக்கில் விதிக்கப்பட்ட 5000 டாலர் தண்டம் பொறியின் மீது விழவில்லை. ஆராயாமல் நம்பியோர் மீதே விழுந்தது. முறையான தீர்ப்பு! பொறி கணக்கிடட்டும், தேடட்டும், எழுதட்டும், தடுப்பாரில்லை. "சான்று எங்கே?" என்று கேட்கும் கடமையை மட்டும் அதனிடம் ஒப்படைத்தல் ஆகாது. அதை ஒப்படைத்தவன் வேலையைக் குறைத்துக்கொண்டவன் அல்லன், தன்னையே குறைத்துக்கொண்டவன்.