கையில் இல்லாத பொருளும் பரிக்கிரகமே

மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை நினைக்கும்போது நிலம், வீடு, பொன், தானியம் ஆகியவையே நம் நெஞ்சில் தோன்றுகின்றன. எடையும் இடமும் இல்லாத இணையத்தை அவ்வரிசையில் நாம் வைப்பதில்லை. வைக்க வேண்டுமா என்பதே இங்கு எழும் வினா.

என் குறையையே முதலில் கூறுகிறேன். பள்ளியில் மாணவரின் கவனச் சிதறலைக் கண்டித்தவள் நான். ஓய்வு பெற்றுக் கோவில்பதாகையில் தனித்து வாழும் நாளில், உறவினர் நலம் அறியக் கைப்பேசியைத் திறந்து, நள்ளிரவு கடந்தும் மூட இயலாதவள் ஆனேன். பிறர் இல்லத்து விழாப் படங்களைக் கண்டு மகிழ்வதற்கு மாறாக, என் தனிமையை அவற்றோடு ஒப்பிட்டு வருந்தினேன். உறக்கம் குறைந்தது, சினம் மிகுந்தது. அடுத்த வீட்டு அம்மையார் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்ததை நான் அறியவில்லை. கடல் கடந்த நாட்டுச் செய்திகளையோ நன்கு அறிந்திருந்தேன்!

இது இளையோர்க்கு மட்டும் உரிய துன்பமன்று. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் இத்தகைய மிகைப் பயன்பாட்டிற்கென 2014ஆம் ஆண்டிலேயே தனிச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிற்று. தனிமையால் இணையத்தை நாடுகிறோம். நாட நாட, அருகில் உள்ளவரை இழந்து மேலும் தனிமையடைகிறோம்.

தத்துவார்த்த சூத்திரம் அருளிய உமாசுவாமி, பரிக்கிரகத்தைப் பொருளின் அளவால் வரையறுக்கவில்லை. பற்றினால் எழும் மயக்கத்தாலேயே வரையறுத்தார். அவ்வாறாயின், கையில் எதுவும் இன்றியே மனம் பெருஞ்சுமை சுமத்தல் கூடும்.

"ஓய்வூதியச் செய்தியும் பேரனின் குரலும் அதில்தானே வருகின்றன?" என்று வினவலாம். உண்மையே. முற்றத் துறத்தல் துறவியர் நெறி. அளவு வகுத்துக்கொள்ளுதல் இல்லறத்தார் நெறி. மத்தியப் பிரதேசம் ரைசேன் மாவட்டத்துப் பேகம்கஞ்சில், 2022ஆம் ஆண்டுப் பர்யூஷண நாளில், சமணப் பெருமக்கள் பலர் ஒரு நாள் முழுதும் கைப்பேசியையும் இணையத்தையும் விலக்கி நோன்பிருந்தனர்.

நமக்கோ தினந்தோறும் கைக்கொள்ளும் இரவுண்ணாமை என்னும் பயிற்சி முன்னரே உள்ளது. வயிற்றுக்கு வகுத்த அவ்வெல்லையைக் கண்ணுக்கும் வகுத்தால் என்ன? இப்போது மாலை விளக்கேற்றியதும் கைப்பேசியைச் சமையலறை அலமாரியில் வைத்துவிடுகிறேன். அவசரமாயின் மணியோசை கேட்கும். முதல் வாரம் கை தானாகவே அதைத் தேடியது. அத்தேடலே என் பற்றின் அளவை எனக்குக் காட்டிற்று. இன்று அந்நேரத்தில் அடுத்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுகிறேன். உறக்கமும் திரும்பியுள்ளது.

பிள்ளைகளுக்கு அறிவுரை கூறுமுன், பெரியோராகிய நாம் இவ்வெல்லையை வகுத்துக்கொள்வோமாக. அறம் வளர்க!