விசுவாசம் யாருக்கு?

2024 ஆகஸ்ட் மாதம் பரிஸ் ஒலிம்பிக் நடந்த நாட்களில் எமது வீட்டில் எழுந்த ஒரு கேள்வியை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறோம். பெண்கள் ஹொக்கிக் காலிறுதியில் சீனா 3-2 என்ற கோல் கணக்கில் அவுஸ்திரேலியாவைத் தோற்கடித்தது. பாடசாலை அணியில் ஹொக்கி விளையாடும் எமது மகளின் முகம் வாடிப்போயிற்று. சீன அணியின் பயிற்றுநர் அலிசன் அனன் வேறு யாருமல்ல, இங்கே சிட்னியில், நம்மவர் பலர் குடியிருக்கும் வென்ட்வேர்த்விலில் பிறந்தவர்தான் என்று சொன்னோம். உடனே அவள், "அப்ப அவ துரோகிதானே, அப்பா?" என்று கேட்டாள்.

கேள்வி சின்னதுதான். ஆனால் அந்தச் சொல் எம்மைச் சுட்டது. இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கு அது எங்கிருந்து வந்தது? தமிழ்ப் பாடசாலைப் புத்தகத்தில் அது இல்லை. எமது வரவேற்பறையில் பெரியவர்கள் ஊர்க்கதை கதைக்கும்போது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். அந்தச் சொல் மட்டையில் எழுதப்பட்டு மின்கம்பத்தில் தொங்கியதைச் சிறுவயதில் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்த்தவர்கள் நாம். அது வெறும் ஏச்சுச் சொல் அல்ல என்பதை நமது தலைமுறைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே பிள்ளைக்கு அவசரமாகப் பதில் சொல்லாமல் கொஞ்சம் யோசித்தோம்.

முதலில் இந்தப் பெண்மணியின் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம். 1973இல் பிறந்த அனன், அவுஸ்திரேலியாவுக்காக 228 சர்வதேச ஆட்டங்களில் 166 கோல்கள் அடித்தவர். 1994இல் டப்ளினில் உலகக் கிண்ணம், 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் தங்கம், 1998இல் மீண்டும் உலகக் கிண்ணம், 2000இல் ஹோம்புஷ் மைதானத்தில் சொந்த ஊர் மக்களின் முன்னிலையில் மீண்டும் ஒலிம்பிக் தங்கம் என்று அந்த அணி வென்ற யாவற்றிலும் அவர் இருந்தார். 1998இலும் 2000இலும் உலகின் சிறந்த வீராங்கனை விருதும் அவருக்கே கிடைத்தது. அந்த 1998 உலகக் கிண்ண இறுதி ஆட்டம் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் நடந்தது. நெதர்லாந்தை அதன் சொந்த மண்ணிலேயே அவுஸ்திரேலியா 3-2 என்று வென்றது.

பின்னர் அவர் அதே நெதர்லாந்தில் போய்க் குடியேறினார். அங்கே கழகங்களில் பயிற்றுநராகி, 2015இல் அந்நாட்டுப் பெண்கள் அணியின் தலைமைப் பயிற்றுநரானார். 2018இல் லண்டனில் நடந்த உலகக் கிண்ண அரையிறுதியில் அவரது அணிக்கு எதிரே நின்றது அவுஸ்திரேலியா. ஆட்டம் 1-1 என்று சமநிலையில் முடிய, வீராங்கனைகள் தனித்தனியே கோல்காப்பாளரை எதிர்கொள்ளும் முறையில் நெதர்லாந்து வென்றது. பிறகு கிண்ணத்தையும் எடுத்தது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கமும் பெற்றது. 2022 ஜனவரியில், அணிக்குள் நிலவிய சூழல் பற்றிய விசாரணை ஒன்றை அடுத்து, அந்நாட்டு ஹொக்கிச் சங்கம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அதே ஆண்டில் அவர் சீன அணியைப் பொறுப்பேற்றார். 2024இல் பரிஸ் காலிறுதியில் பிறந்த நாட்டை வென்றார். அரையிறுதியில் பெல்ஜியத்தையும் வென்றபின், இறுதி ஆட்டத்தில் அவருக்கு எதிரே நின்றது நெதர்லாந்து.

இப்போது கேள்விக்கு வருவோம். ஒருவர் தம்மை வளர்த்த நாட்டுக்கு எதிராகத் தம் திறமையைப் பயன்படுத்தலாமா?

கூடாது என்பவர்களின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அனன் ஆடிய காலத்துத் தேசிய அணி, அரச நிதியில் இயங்கிய பயிற்சித் திட்டத்தில் பேர்த் நகரில் வளர்ந்தது. மைதானமும் பயிற்றுநரும் பயணச் செலவும் இந்த நாட்டு மக்களின் வரிப்பணம். செஞ்சோற்றுக் கடன் என்று நமது பெரியவர்கள் சொல்வது இதைத்தானே? மறுபக்கத்தில், "இது ஒரு வேலை, சம்பளம் தருபவருக்கு உழைப்பதில் என்ன பிழை?" என்பவர்களும் உண்டு. அதுவும் எமக்கு முழுத் திருப்தி தரவில்லை. எல்லாமே சம்பளம்தான் என்றால், நன்றி என்ற சொல்லுக்கே இடமில்லாமல் போய்விடும்.

கும்பகர்ணன் பெரியவனா, வீடணன் பெரியவனா என்று ஊரில் எத்தனை பட்டிமன்றங்கள் கேட்டிருக்கிறோம்! அண்ணன் செய்தது பிழை என்று தெரிந்தும் அவனுக்காக நின்று மாண்டவனையும் நாம் போற்றினோம். அந்தப் பிழையோடு நிற்க முடியாது என்று பிரிந்து போனவனையும் ஏற்றுக்கொண்டோம். நடுவர் எந்தப் பக்கம் தீர்ப்புச் சொன்னாலும் சபை கைதட்டியது. விசுவாசத்துக்கு ஒரே ஒரு வடிவம்தான் உண்டு என்று நமது மரபு ஒருபோதும் நினைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கணக்காளர் தொழில் செய்யும் எமக்கு இந்த விடயத்தில் தொழிலே ஒரு வழி காட்டியது. ஒரு நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்துவிட்டு, அதனோடு போட்டியிடும் இன்னொரு நிறுவனத்துக்கு மாறினோம். அங்கே கற்ற வேலையை அங்கேயே இறக்கி வைத்துவிட்டுப் போக முடியவில்லை. அது எமது கையோடு வந்தது. ஆனால் ஒரு கோப்பைக்கூட எடுத்துச் செல்லவில்லை. வாடிக்கையாளர்கள் நம்பிச் சொன்ன குடும்பக் கஷ்டங்களையும் கடன் விபரங்களையும் புதிய இடத்தில் வாய் திறந்து சொல்லவில்லை. திறமை எமக்குச் சொந்தம். எம்மை நம்பி ஒப்படைத்தது எமக்குச் சொந்தமல்ல. துரோகம் என்ற ஒன்று உண்டென்றால், அது இந்தக் கோட்டைத் தாண்டும் இடத்தில்தான் தொடங்குகிறது என்று நினைக்கிறோம்.

பரிஸில் எதிரணியிலிருந்த பல நெதர்லாந்து வீராங்கனைகளை அனன் உள்ளும் புறமும் அறிந்தவர். யார் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது அவர் கண்ணில் பதிந்திருக்கும். அந்த அறிவை மறந்துவிடு என்று யாரும் அவரிடம் கேட்க முடியாது. ஒரு வீராங்கனை தனிமையில் அழுது சொன்ன துயரத்தை அவளுக்கு எதிராகப் பயன்படுத்தாதே என்று மட்டுமே கேட்கலாம். அதைக் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு. வெற்றி எல்லாவற்றையும் நியாயப்படுத்திவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. ஒலிம்பிக் தங்கம் வென்று ஆறு மாதத்துக்குள் அவர் பதவி இழந்ததே, பதக்கம் ஒரு கணக்கு, மனிதரை நடத்தும் விதம் இன்னொரு கணக்கு என்பதைக் காட்டுகிறது.

சரி, பிறந்த நாட்டின் கடன்? கணக்கியலில் இரட்டைப் பதிவு முறை என்று ஒன்று உண்டு. ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கமும் எழுத வேண்டும். இந்த நாடு அனனுக்குக் கொடுத்தது ஒரு பக்கம். 228 ஆட்டங்களும் இரண்டு தங்கங்களும் மறுபக்கம். இதனால் கடன் தீர்ந்தது என்று சொல்ல மாட்டோம். சில கடன்கள் தீர்வதில்லை. எமக்கு எழுத்தறிவித்த ஆசிரியருக்கும் தாகத்துக்குத் தண்ணீர் தந்த கிணற்றுக்கும் பட்ட கடனை எந்தப் பேரேட்டில் தீர்ப்பது? ஆனால் தீராத கடன் வேறு, அடிமைச் சாசனம் வேறு.

இங்கே ஒரு வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அனன் விரும்பிப் போனவர். நினைத்த நாளில் வென்ட்வேர்த்விலுக்குத் திரும்பி வரக்கூடியவர். நம்மில் பலர் விரும்பிப் புறப்படவில்லை. எமக்குக் கல்வி தந்த மண்ணையும் எம்மைத் துரத்திய அரசையும் ஒரே பெயரில் எழுத முடியாத நிலை எமது. அதனால்தான் இந்தக் கேள்வி எமக்குக் கூடுதலாக வலிக்கிறது. குடியுரிமை பெற்ற நாளில் இந்த நாட்டுக்கு உறுதிமொழி சொன்னோம். அன்றிரவு அம்மாவின் படத்துக்கு முன் நின்றபோது கண் கலங்கியது. இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

இறுதி ஆட்டம் சிட்னி நேரப்படி சனிக்கிழமை அதிகாலை 4 மணிக்கு. மகளும் நாமும் போர்வையோடு தொலைக்காட்சி முன் அமர்ந்தோம். சீனா முதலில் கோல் அடித்தது. கடைசிக் கால்பகுதியில் நெதர்லாந்து சமன் செய்தது. மீண்டும் அந்தத் தனித்தனி மோதல்: 23 மீற்றர் கோட்டிலிருந்து பந்துடன் புறப்பட்டு எட்டு விநாடிக்குள் கோல் அடிக்க வேண்டும். நெதர்லாந்து 3-1 என்று வென்றது. சீனாவுக்கு வெள்ளி, 2008இல் பெய்ஜிங்கில் பெற்றதற்குப் பின் அதன் முதல் பதக்கம் இந்த விளையாட்டில் அதுவே.

மகள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஆர் வென்றிருந்தாலும் அவவுக்குக் கொஞ்சம் கவலையாத்தான் இருந்திருக்கும், என்ன அப்பா?" என்றாள். துரோகி என்ற சொல்லை அவள் திரும்ப எடுக்கவில்லை. நாமும் நினைவூட்டவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நமது பிள்ளைகள் நாளை எந்த நாட்டிலும் வேலை செய்யலாம், எந்த நாட்டு அணியிலும் ஆடலாம், நாம் விரும்பாத இடத்திலும் போய் நிற்கலாம். அந்தச் சொல் நாவில் வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். தான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்பதை அவர் மறைத்தாரா? நம்பி ஒப்படைத்ததைக் களவாக எடுத்துச் சென்றாரா? ஏற்றுக்கொண்ட வேலையை அரைமனதோடு செய்து ஏமாற்றினாரா? மூன்றுக்கும் இல்லை என்பது விடையானால், அவர் துரோகி அல்ல. ஊர் மாறிப் போன ஒரு மனிதர், அவ்வளவுதான். ஊர் மாறி வந்தவர்கள் நாமே அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுக்க வேண்டுமா?