போதைக் காளான் மருந்தாகிறது: பொதுக் கருவூலம் தரும் விலை என்ன?

 

மேஜிக் மஷ்ரூம் என்று நம் பிள்ளைகள் சொல்லும் போதைக் காளானைப் பற்றிப் பேசப் போகிறேன். ஜும்ஆ மேடையில் இதற்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். கொடைக்கானலுக்கு “டூர்” போகிற இளைஞர்களில் சிலர் எதைத் தேடிப் போகிறார்கள் என்பது அந்த ஊர்ப் போலீசுக்குத் தெரியும், சக மாணவர்களுக்குத் தெரியும், பெற்றோருக்கு மட்டும்தான் தெரியாது. அவர்களைக் கண்டித்தால் உடனே ஒரு பதில் வருகிறது: “அமெரிக்காவில் இதை மருந்தாகவே அனுமதித்துவிட்டார்கள், ஹஜ்ரத்!”

அந்தப் பதிலில் பாதிதான் உண்மை. மீதியைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலில் மார்க்கச் சட்டம். போதை தருவது அனைத்தும் ஹராம் என்பது நபி (ஸல்) அவர்களின் தெளிவான தீர்ப்பு. மதுவை மருந்துக்காகவே தயாரிக்கிறேன் என்று ஒரு தோழர் சொன்னபோது, அது மருந்தல்ல, நோய் என்று நபியவர்கள் மறுத்ததை முஸ்லிம் நூலில் காண்கிறோம். அதே நேரத்தில், கையையோ காலையோ வெட்டி எடுக்கவேண்டிய நிலையில் உணர்வை மயக்கும் மருந்து கொடுக்கலாமா என்ற கேள்வியை இமாம் நவவீ (ரஹ்) போன்ற ஃபுகஹாக்கள் எடுத்துப் பேசி, தேவைக்கு அனுமதி உண்டு என்ற கருத்தையும் பதிவு செய்திருக்கிறார்கள். வேறு வழியில்லாத நோயாளி, நம்பகமான மருத்துவர், தேவையான அளவு என்று அதற்கு நிபந்தனைகள் உண்டு. மலையேறிப் போய் நண்பர்களோடு ஆம்லெட்டில் போட்டுச் சாப்பிடுவது இந்த நிபந்தனைகளில் எதற்குள்ளும் வராது. இதற்கு மேல் இதில் விவாதம் வேண்டாம்.

நான் சொல்ல வந்தது வேறு. ஓர் அரசாங்கம் போதைப் பொருள் ஒன்றை மருத்துவத்துக்காகத் திறந்துவிட்டால், அதைக் காவல் காக்கிற செலவை யார் தருகிறார்கள், அதன் பலன் யாருக்குப் போகிறது என்பதைத்தான். இது அமானிதம் பற்றிய கேள்வி. மது, சூதாட்டம் பற்றிக் கேட்கப்பட்டபோது அவற்றில் சில பயன்களும் உண்டு, ஆனால் கேடு பயனைவிடப் பெரியது என்ற கருத்தில் அல்லாஹ் பதில் தருகிறான் (அல்குர்ஆன் 2:219). பயனே இல்லை என்று அவன் சொல்லவில்லை, கவனியுங்கள். இரண்டையும் தராசில் வைக்கச் சொல்லித் தருகிறான்.

ஓரிகன் மாநிலம் போட்ட கணக்கு

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓரிகன் என்ற மாநிலம். சுமார் 42 லட்சம் மக்கள்தான். 2020 நவம்பரில் அங்கே பொது வாக்கெடுப்பு நடந்தது. காளானில் உள்ள சைலோசைபின் என்ற பொருளை, பயிற்சி பெற்ற ஒருவரின் கண்காணிப்பில், உரிமம் பெற்ற மையத்தில் மட்டும் உட்கொள்ள அனுமதிக்கலாம் என்று ஏறக்குறைய 56 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். உலகிலேயே இப்படி ஒரு மாநிலம் செய்தது அதுதான் முதல்முறை. ஆனால் 21 வயது நிரம்பியிருந்தால் போதும், மருத்துவர் சீட்டு தேவையில்லை. “மருந்தாக அனுமதித்துவிட்டார்கள்” என்று நம் பிள்ளைகள் சொல்வதில் இந்த இடமே இடிக்கிறது. அமெரிக்க நடுவண் அரசின் சட்டத்திலோ அந்தப் பொருள் 1970ல் வைக்கப்பட்ட கடுமையான முதல் பட்டியலில்தான் இன்னும் இருக்கிறது.

மக்களிடம் ஒரு வாக்குறுதியும் கொடுக்கப்பட்டது. இரண்டாண்டு ஆயத்தக் காலம் முடிந்த பிறகு இந்தத் திட்டம் தன் காலில் தானே நிற்கும், உரிமக் கட்டணமும் விற்பனை மீது 15 சதவீத வரியுமே அதன் செலவைத் தாங்கும் என்றார்கள். மையம் நடத்த ஆண்டுக் கட்டணம் 10,000 டாலர், நம் பணத்தில் எட்டு லட்சம் ரூபாய்க்கும் மேல். காளான் வளர்ப்பவருக்கும் அதே தொகை, சோதனைக் கூடத்துக்கும் அதே தொகை. பக்கத்தில் உட்கார்ந்து கண்காணிப்பவருக்கு 2,000 டாலர்.

இவ்வளவு கட்டணம் எதற்கு? ஒரு போதைப் பொருளைத் திறந்துவிடுவதற்குக் கையெழுத்து ஒன்று போதும். அதைக் காப்பதற்குத்தான் ஆள் வேண்டும். விதிகள் எழுத வேண்டும். ஒவ்வொரு காளானும் வளர்ந்த இடத்திலிருந்து உட்கொள்ளப்படும் இடம்வரை கணக்கில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்வாசல் வழியே தெருவுக்கு வந்துவிடும். அளவைச் சோதிக்க வேண்டும். பயிற்சி நிறுவனங்களைச் சரிபார்க்க வேண்டும். மயக்க நிலையில் இருக்கும் ஒருவரிடம் யாரும் தவறாக நடந்துகொண்டால் அந்தப் புகாரை விசாரிக்க அதிகாரி வேண்டும். ஒரு தடவை உட்கொண்டால் நான்கு முதல் ஆறு மணி நேரம் அந்த நிலை நீடிக்கிறது. அந்த நேரம் முழுவதும் அந்த மனிதர் குழந்தையைப் போல அடுத்தவர் கையில் இருக்கிறார். புகாரை விசாரிக்கிற செலவை இந்த ஒரு காரணத்துக்காகவே குறைக்க முடியாது.

2023 ஜனவரியில் விண்ணப்பங்கள் வாங்கத் தொடங்கினார்கள். எதிர்பார்த்த அளவுக்கு உரிமம் எடுக்க ஆள் வரவில்லை. மாநிலத்தின் 36 கவுன்டிகளில் பெரும்பாலானவை தங்கள் எல்லைக்குள் வேண்டாம் என்று 2022லேயே தனியாக வாக்களித்து விலகிக்கொண்டன. கட்டணம் போதாமல், 2023 முதல் 2025 வரையான காலத்துக்கு மாநிலச் சட்டமன்றம் பொது நிதியிலிருந்து 31 லட்சம் டாலரை எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. ஏறக்குறைய 25 கோடி ரூபாய். தன் காலில் நிற்கும் என்று சொன்னது, கருவூலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றது.

ஓர் அரசாங்கத்துக்கு 25 கோடி பெரிய தொகையல்ல என்பீர்கள். சரிதான். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இதற்குள் இருக்கிறது.

கண்காணிக்கிறவரின் சம்பளம் யாரிடமிருந்து வருகிறது? யாரைக் கண்காணிக்கிறாரோ அவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்து! மையங்கள் பெருகினால் அலுவலகம் பிழைக்கும். மையங்கள் மூடினால் அலுவலகத்தில் ஆள் குறையும். செலவு தாங்காமல் அங்கே சில மையங்கள் மூடவும் செய்திருக்கின்றன. இப்படி ஒரு நிலையில் ஓர் அதிகாரி எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தவறு செய்யும் மையத்தைப் பூட்டக் கை நடுங்காதா?

நபி (ஸல்) அவர்கள் அஸ்த் குலத்தைச் சேர்ந்த ஒருவரை ஸகாத் வசூலிக்க அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தார். நபியவர்கள் மிம்பரில் ஏறி, இவர் தன் தாய் தந்தை வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று கேட்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. உரிமக் கட்டணம் லஞ்சம் அல்ல, சட்டப்படியானது. ஆனாலும் பொறுப்பில் இருப்பவரின் கையும் அவரால் கணக்குக் கேட்கப்படுபவரின் பையும் ஒட்டியிருக்கக் கூடாது என்ற பாடம் அதில் இருக்கிறது.

அபூபக்ர் (ரலி) அவர்கள் கலீஃபா ஆனபோது தம் வியாபாரத்தை விட்டார்கள். இதுவரை என் தொழில் என் குடும்பத்துக்குப் போதுமாக இருந்தது, இனி முஸ்லிம்களின் காரியத்தில் ஈடுபடுவதால் குடும்பம் பைத்துல்மாலிலிருந்து உண்ணும் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஏற்றார்கள். இதுவும் புகாரியில் உண்டு. காவல் காப்பவருக்குப் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பது வீண் செலவு அல்ல. காவலைக் காக்கப்படுபவரிடமே குத்தகைக்கு விடுவதுதான் ஆபத்து.

பலன் யாருக்கு?

அங்கே ஒருவர் ஒருமுறை இந்தச் சிகிச்சை பெற ஆயிரம் டாலரிலிருந்து மூவாயிரத்துக்கும் மேல் ஆகிறது. மருத்துவக் காப்பீடு கிடையாது. நடுவண் வரிச் சட்டம் இந்தத் தொழிலின் வழக்கமான செலவுகளைக்கூடக் கழிக்க விடுவதில்லை என்பதால் மையங்களும் விலையைக் குறைக்க முடியவில்லை. விளைவு என்ன? ஏழையும் வரி கட்டுகிறார், அந்த வரியிலிருந்து அலுவலகம் நடக்கிறது, வசதியுள்ளவர் உள்ளே போகிறார். செல்வம் உங்களில் பணக்காரர்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதை ஒரு காரணமாகவே சொல்லித்தான் அல்லாஹ் பொதுச் சொத்தைப் பங்கிட்டான் (அல்குர்ஆன் 59:7). நியூ மெக்ஸிகோ மாநிலம் இதைப் பார்த்துப் பாடம் படித்தது போலத் தெரிகிறது. 2025 ஏப்ரலில் அங்கே வந்த சட்டம் உண்மையிலேயே மருத்துவச் சட்டம். மருந்துக்குப் பணியாத மனச்சோர்வு, பேரதிர்ச்சியின் பின்விளைவு, போதை அடிமைத்தனம், மரணப் படுக்கையின் வேதனை என்று நோய்களைக் குறிப்பிட்டு, வருமானம் குறைந்தவர்களுக்காகத் தனி நிதியத்தையும் அந்தச் சட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். செலவு அரசுக்குக் கூடத்தான் செய்யும். ஆனால் எதற்காகச் செலவு என்று மக்களிடம் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியும்.

மருந்தின் பலன் பற்றியும் நீதமாகச் சொல்லவேண்டும். 2022ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், மற்ற மருந்துகளால் குணமாகாத மனச்சோர்வு உள்ள 233 பேர் பங்கேற்றார்கள். 25 மில்லிகிராம் பெற்றவர்களில் மூன்று வாரத்தில் 37 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். மிகக் குறைந்த அளவு பெற்றவர்களில் 18 சதவீதம். பன்னிரண்டு வாரம்வரை பலன் நீடித்தது 25 மில்லிகிராம் பெற்றவர்களிலும் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான். இதை ஒன்றுமில்லை என்று தள்ளவும் முடியாது, அற்புதம் என்று ஆடவும் முடியாது.

நம் ஊர்ப் பக்கம் திரும்புவோம். இங்கே சைலோசைபின் 1985ஆம் ஆண்டுப் போதைப் பொருள் தடைச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிள்ளை பிடிபட்டால் “அமெரிக்காவில் மருந்து” என்ற வாதம் நீதிமன்றத்தில் நிற்காது. அரசாங்கமோ மதுக்கடையில் ஆண்டுக்கு 45,000 கோடிக்கு மேல் வருமானம் பார்க்கிறது. போதையிலிருந்து வரும் பணத்துக்குப் பழகிய கருவூலம் எப்படி அதை விட முடியாமல் தவிக்கும் என்பதற்கு வேறு தேசத்து உதாரணம் நமக்குத் தேவையில்லை.

மனநோய்க்கு நாம் எவ்வளவு செலவு செய்தோம் என்று யாராவது கேட்டால்? 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள், ஒரு கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். அதிகாலையில் தீப்பிடித்தது. ஓட முடியாமல் 28 உயிர்கள் கருகின. அவர்களுக்கு அரசும் செலவு செய்யவில்லை, குடும்பமும் செய்யவில்லை, ஜமாஅத்தும் செய்யவில்லை. 1284ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது, வக்ஃபு வருமானத்திலிருந்து செலவு நடந்தது. அந்தச் சமுதாயத்தின் வாரிசுகள் நாம் என்று சொல்லிக்கொள்கிறோம்! 2015-16ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நோய்க்கு நோய் வேறுபட்டாலும் 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று சொன்னது. அவர்களுக்குத் தேவை விலை உயர்ந்த காளான் அல்ல. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிற மாத்திரையும், அதை வாங்கக் கூட்டிப்போக ஒரு துணையும்தான்.

உங்கள் வீட்டில் தூங்காமல் விழித்திருக்கும் பிள்ளை, யாரிடமும் பேசாத மருமகள், தொழுகையிலும் மனம் ஒட்டாமல் அழுகிற தந்தை இருந்தால் மறைக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் இலவச மனநல ஆலோசனை தமிழிலேயே கிடைக்கிறது. பேருந்துக் காசு இல்லாதவர்கள் தொழுகைக்குப் பிறகு ஜமாஅத் செயலாளரைப் பாருங்கள். பெயர் வெளியே வராது.

நோயுற்ற நம் சகோதர சகோதரிகளுக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஏர்வாடியில் மரித்தவர்கள் மீது ரஹ்மத் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.