கூதிர்காலப் பூச்சாடி

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது எனத் தொடரும் அம்பாறைக் கரையோர ஊர்களில் இலையுதிர்காலம் என்றொரு பருவம் இல்லை. ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாக வகுத்த பழந்தமிழர் ஐப்பசி, கார்த்திகை மாதங்களுக்கு இட்ட ‘கூதிர்’ என்னும் பெயரே, வடகீழ்ப் பருவமழை தொடங்கும் அந்நாட்களுக்குப் பொருந்துகிறது.

அப்போது வளவில் பறிக்கும் மலர்களுள் செவ்வரத்தை, தண்ணீரில் நின்றாலும் பெரும்பாலும் ஒரே நாளில் சுருங்கிவிடுவதால், பல நாள் நிற்கும் குரோட்டன் இலைகளை நிலையாக வைத்து, அப்பூவை நாள்தோறும் மாற்றுவதே தக்கது. கடதாசிப்பூவில் கண்ணைக் கவரும் வண்ணப்பகுதி இதழன்று. அது பூவடிச்செதில், அதாவது மலரைத் தாங்கும் உருமாறிய இலை. உண்மையான பூ அதன் நடுவே சிறு வெண்குழலாக ஒடுங்கியிருப்பதைக் குனிந்து பார்ப்பவரே காண்பர்.

காம்பை வெட்டியதும் நீரில் இடாவிட்டால் அதன் நுண்குழாய்களில் காற்றுப் புகுந்து நீரேற்றம் தடைப்படும். நீருள் அமிழும் இலைகளை அகற்றாவிட்டால் அவை அழுகிப் பாக்டீரியாவைப் பெருக்கும். உவர்நீரும் மலரை வாட்டும் என்பதால், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கிணறுகள் உப்பேறக் கண்ட இக்கரையில், கூரையிலிருந்து ஏந்திய மழைநீரே சாடிக்கு உகந்தது.

சாடிக்கு மணமும் வேண்டும். அல்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயம் குறிப்பிடும் ‘ரைஹான்’ என்னும் நறுமணச் செடியாகப் பலரும் கருதுவது திருநீற்றுப்பச்சையை. பலூடாவில் மிதக்கும் கசகசா அதன் விதையே. அதன் ஒரு கிளையை, விருந்தினர் கை படும் பக்கமாகச் செருகுதல் வேண்டும்.