உன் இஷ்டம்

சமையலறை மேடையில் சாய்ந்து நின்றபடிதான் மனைவி கேட்டாள். "ஆச்சிய ஒரு தடவ போய்ப் பார்த்துட்டு வந்துரலாமா?"

அப்போது அவளுக்கு 31-வது வாரம். நாங்கள் ஹைதராபாத்தில் இருந்தோம், ஆச்சி திருநெல்வேலியில். அன்று காலையில்தான் ஆச்சியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று டாக்டர் சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். மாமியார் வேலைக்குப் போனவர். அதனால் இவளை வளர்த்தது ஆச்சிதான். தலை வாரிவிட்டதிலிருந்து, பள்ளிக்கூட வாசலில் நின்று கூட்டிவந்தது வரைக்கும்.

சென்னை வந்து தூத்துக்குடிக்கு வேறு விமானம் மாறினால், அங்கிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் வீடு. ரயில் என்றால் கிட்டத்தட்ட ஒரு நாள்.

நான் லேப்டாப்பை மூடிவிட்டு, ரொம்ப யோசித்தவன் போலச் சொன்னேன். "உன் இஷ்டம்."

நாங்கள் போகவில்லை. ஆறு நாள் கழித்து ஆச்சி இறந்துவிட்டார். அந்த இரண்டு வார்த்தைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

*

முதலில் மருத்துவம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். அன்றிரவு நான் செய்ததும் அதைத்தான். எஞ்சினியருக்கு மனசு கனத்தால் தரவு தேடுவான்.

விமானம் 35,000 அடியில் பறந்தாலும் கேபினுக்குள் அழுத்தத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். உள்ளே இருப்பவருக்கு அது அதிகபட்சம் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். ஊட்டி ஏறத்தாழ 7,300 அடி. அதாவது விமானத்தில் ஏறுவது, காற்றைப் பொறுத்தவரை, சில மணி நேரம் ஊட்டிக்குப் போய் வருவது மாதிரி. ஊட்டியில் பெண்கள் பத்து மாதமும் வாழ்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். தவிர, கருவின் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் நம்முடையதைவிட ஆக்ஸிஜனை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் வகை. தாய்க்குக் கொஞ்சம் குறைந்தாலும் பிள்ளை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

கதிர்வீச்சு? உயரத்தில் அண்டக் கதிர்கள் கூடுதல்தான். ஆனால் எப்போதாவது பறக்கிறவருக்கு அது பொருட்படுத்தத் தக்க அளவில்லை. வாரத்துக்குப் பல தடவை பறக்கும் விமானப் பணியாளர்களுக்குத்தான் அந்தக் கணக்கு வேண்டும். நிஜமான ஆபத்து கால்களில் இருக்கிறது. கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. பல மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தால் காலின் ஆழத்து நரம்பில் ரத்தக்கட்டி உருவாக வாய்ப்பு அதிகம். அதற்குத்தான் நடைபாதை ஓர இருக்கை, அவ்வப்போது எழுந்து நடப்பது, தண்ணீர், இறுக்கமான காலுறை எல்லாம். சீட் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பு எலும்பின் மேல் படும்படி போட வேண்டும்.

சிக்கலில்லாத கர்ப்பத்தில் எப்போதாவது பறப்பது பாதுகாப்பானது என்பதுதான் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரியின் நிலைப்பாடு. காற்றழுத்த மாற்றம் கருச்சிதைவையோ முன்கூட்டிய பிரசவத்தையோ உண்டாக்குகிறது என்பதற்கு நல்ல ஆதாரமில்லை என்று பிரிட்டனின் ராயல் கல்லூரியும் சொல்கிறது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தாலோ, ரத்த அழுத்தம் ஏறியிருந்தாலோ, கடுமையான ரத்தசோகை இருந்தாலோ கதை வேறு. அங்கே டாக்டர் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. எங்கள் டாக்டர் சான்றிதழ் எழுதிக் கொடுக்கத் தயாராகவே இருந்தார். கடைசியில் மட்டும், "போலாம், ஆனா பார்த்துக்கோங்க" என்றார். அந்த "ஆனா"வுக்குள் மருத்துவம் எதுவும் இல்லை என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

*

விமான நிறுவனங்களின் விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாக, ஒரு கட்டத்துக்குமேல் டாக்டர் கடிதம் கேட்பார்கள். ஒற்றைப் பிள்ளை என்றால் 36 வாரம் வரை, இரட்டை என்றால் 32 வாரம் வரை என்பது பல நிறுவனங்கள் வைத்திருக்கும் எல்லை. 36 வாரத்தில் விமானப் பயணம் திடீரென்று கருவுக்குக் கெடுதலாக மாறிவிடுகிறது என்றுதான் நான் பல காலம் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அந்த நேரத்துக்குமேல் எப்போது வேண்டுமானாலும் வலி எடுக்கலாம். வானத்தில் பிரசவம் பார்க்க ஆளில்லை, விமானத்தை வேறு ஊரில் இறக்க வேண்டிவரும். அந்த எல்லையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது பறப்பதால் உடம்புக்கு என்ன ஆகும் என்று பார்த்துப் போட்ட கோடு இல்லை. வலி எடுத்தால் என்ன செய்வது என்று பார்த்துப் போட்டது.

'உன் நல்லதுக்குத்தான்' என்று சொல்லப்படும் விதிகளிடம் 'யாருடைய நல்லதுக்கு' என்று ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும். ஏர் இந்தியாவின் விமானப் பணிப்பெண்கள் முதல் கர்ப்பத்தோடு வேலையை விட்டுப் போக வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. நர்கேஷ் மிர்ஸா என்பவரும் சக ஊழியர்களும் தொடுத்த வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைத் தூக்கியெறிந்தது. அது கொடுமையானது, இந்தியப் பெண்மைக்கே அவமானம் என்ற பொருளில் கடுமையாக எழுதியது. அதே தீர்ப்பு, வேலையில் சேர்ந்த முதல் நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்யக்கூடாது என்ற விதியை மட்டும் நியாயம் என்று விட்டுவிட்டது. அதற்குச் சொன்ன காரணங்களில் அந்தப் பெண்களின் ஆரோக்கியமும் ஒன்று. ஒரு பெண்ணின் சார்பாக அக்கறைப்படுவதும் அவளுக்காக முடிவெடுத்துவிடுவதும் ஒரே தீர்ப்புக்குள் எவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன பாருங்கள்.

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் எதையும் தடுக்கவில்லையே. "உன் இஷ்டம்" என்றுதானே சொன்னேன்.

*

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவள் முதல் தடவை கருவுற்றிருந்தாள். ஆறாவது வாரத்தில் சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்குப் பறந்து போய் வந்தோம். ஒன்பதாவது வார ஸ்கேனில் இதயத் துடிப்பு இல்லை.

தெரியவரும் கர்ப்பங்களில் 10 முதல் 20 சதவீதம் வரை இப்படிக் கலைந்துபோகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களுக்குள். அவற்றில் பாதி அளவுக்குக் கருவின் குரோமோசோம்களிலேயே கோளாறு இருக்கிறது. கரு உருவான கணத்திலேயே முடிவாகிவிட்ட விஷயம். கல்யாணம், விமானம், மாடிப்படி, பப்பாளி எதுவும் காரணமில்லை. டாக்டர் இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார்.

பெரியம்மா ஊரிலிருந்து போன் பண்ணி, "நான் அப்பவே சொன்னேன், பிளைட்லலாம் போகாதீங்கன்னு" என்றார். அம்மா, "விடுங்க, நடந்தது நடந்துபோச்சு" என்றாள். அதுவும் அதே வாக்கியம்தான், கொஞ்சம் மெதுவாகச் சொன்னது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பெரியவங்க, போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

மென்பொருள் வேலையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. சர்வர் விழுந்தால், அதற்குப் பிறகு நடக்கும் கூட்டத்தில் 'யார் செஞ்சது' என்று கேட்கக்கூடாது. 'எப்படி நடந்தது' என்றுதான் கேட்க வேண்டும். பழி போட ஆரம்பித்தால் எல்லோரும் மறைக்க ஆரம்பிப்பார்கள், உண்மையான காரணம் வெளியே வராது. இதை ஜூனியர்களுக்குப் பாடமாகவே எடுத்திருக்கிறேன். வீட்டில் என் மனைவிக்கு அப்படி ஒரு கூட்டம் நடக்கவில்லை. தேதி வரிசையில் முன்னால் வந்தது எதுவோ அதுவே காரணம் என்று முடிவானது.

பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-இல் எழுதிய கட்டுரையில் ஒரு லாரி டிரைவர் வருகிறார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, ஆனால் குறுக்கே வந்த குழந்தை அவருடைய லாரியில் அடிபட்டுவிடுகிறது. அவருடைய வருத்தம், வேடிக்கை பார்த்தவரின் வருத்தத்திலிருந்து வேறானது, அப்படி வேறாக இருப்பதும் சரியே என்கிறார் வில்லியம்ஸ். தப்பு செய்யாவிட்டாலும் 'என் கையால் நடந்தது' என்ற வேதனை மனிதத்தன்மையின் ஒரு பகுதி. நாம் ஓடிப்போய் டிரைவரைத் தேற்றுவோம், அவர் சட்டென்று தேறிவிட்டால் அதையும் ஒரு மாதிரிப் பார்ப்போம்.

என் மனைவியின் நிலைமை அதைவிட மோசம். லாரி டிரைவருக்காவது லாரி இடித்தது உண்மை. இங்கே இடித்த வண்டியே இல்லை. இல்லாத விபத்துக்கு டிரைவராக அவளை உட்கார வைத்தார்கள், தேற்றவும் ஆளில்லை.

*

பெரியம்மாவை வில்லியாக்க நான் இதை எழுதவில்லை. அவருடைய தலைப்பிரசவக் கதையை அவரே பல தடவை சொல்லியிருக்கிறார். வளைகாப்பு முடிந்து, எட்டு மாத வயிற்றோடு சங்கரன்கோவிலிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் தாய்வீடு போனார். அந்தக் காலத்து ரோடு, அந்தக் காலத்து பஸ். "உக்கார எடம் கெடச்சுது, அதுவே பெருசு" என்று சிரிப்பார். முதல் பிள்ளை தாய்வீட்டில் என்ற வழக்கமே நிறைமாதத்தை நெருங்கும் பெண்ணை ஊர் விட்டு ஊர் அனுப்பும் வழக்கம்தான். மாட்டுவண்டியில், பஸ்ஸில், ரயிலில் எத்தனை தலைமுறை போயிருக்கிறது. அதை யாரும் ஆபத்து என்று எண்ணியதில்லை.

ஏன் என்று ரொம்ப நாள் யோசித்தேன். ஊர் கூடி எடுத்த முடிவில் ஒன்று ஆகிவிட்டால் அதற்குப் பெயர் விதி. அவளாக எடுத்த முடிவில் ஆகிவிட்டால் அதற்குப் பெயர் தப்பு. பயணம் இரண்டிலும் பயணம்தான். யாருக்காகப் போகிறாள் என்பதுதான் வித்தியாசம்.

இப்போது "உன் இஷ்டம்" என்பதைத் திரும்பக் கேளுங்கள். எழுத்தில் அது சுதந்திரம். வாயால் சொல்லும்போது தமிழில் அது வேறொன்று. 'நான் சொல்றத சொல்லல, அப்புறம் என்ன கேக்காத' என்று பொருள். ஒருத்தி விதிக்குள் இருக்க வேண்டிய விஷயத்தை எடுத்து, தப்பு நடக்கக்கூடிய இடத்தில் வைத்துக் கொடுக்கும் வார்த்தை. ஏற்கனவே ஒரு தடவை தனியாகப் பழி சுமந்தவளிடம் நான் அதைச் சொன்னேன். அவள் எதைத் தேர்ந்தெடுப்பாள்?

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மனிதர்கள் பொதுவாகவே, செய்து வரும் கெடுதலைவிடச் செய்யாமல் வரும் கெடுதலை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். இலானா ரிடோவ், ஜோனதன் பாரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1990-இல் தடுப்பூசியை வைத்து இதைக் காட்டினார்கள். நோயால் இறப்பதைவிட ஊசியால் இறக்கும் வாய்ப்பு குறைவு என்று சொன்ன பிறகும் பலர் பிள்ளைக்கு ஊசி போடத் தயங்கினார்கள். போகாமல் இருப்பதற்கு எப்போதும் இந்தச் சலுகை உண்டு. நாங்கள் போயிருந்து ஏதாவது ஆகியிருந்தால் ஆயுசுக்கும் பேச்சு. போகாததற்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நல்ல வேள, புத்திசாலித்தனமா இருந்தீங்க" என்றுகூடச் சொன்னார்கள். ஆச்சி காரியத்துக்கும், வயித்துப்பிள்ளக்காரி துக்க வீட்டுக்கு வரக்கூடாது என்று முடிந்துபோனது. வீடியோ காலில் பார்த்தாள். யாரோ போனை ஆச்சி முகத்துக்கு மேலே பிடித்திருந்தார்கள், கை ஆடிக்கொண்டே இருந்தது.

*

நியாயமான ஒரு கேள்வி இருக்கிறது. வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையிடம் சம்மதம் கேட்க முடியாதே, அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகப் பயந்தால் என்ன தப்பு? தப்பில்லை. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை உண்டு என்றும், அதை ஒரே ஆள்தான் கொடுக்கிறாள் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆபத்தே இல்லாத வழி என்று எதுவும் எங்களிடம் இல்லை. அந்த மாதங்களில் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஹைதராபாத் டிராஃபிக்கில் ஆட்டோவில் போய் வந்தோம். அதற்கு யாரும் "பார்த்துக்கோங்க" சொல்லவில்லை. ஒரு குழந்தை தன் தாயிடமிருந்து எதிர்பார்க்கக்கூடியது கவனம். பாட்டியின் கையைக் கடைசியாகப் பிடிக்காமல் இருப்பதையும் எதிர்பார்க்கலாமா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை.

முடிவு அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும். உடம்பு அவளுடையது, ஆச்சியும் அவளுடையவர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் தவறியது, முடிவை அவளிடம் விட்டபோது அதன் பின்விளைவையும் சேர்த்து விட்டதில். முடிவு ஒருவருடையதாக இருக்கலாம், அதற்குப் பிறகு வரும் வருத்தம் இரண்டு பேருடையதாக இருக்க முடியும். ஆனால் அதை முன்னாலேயே சொல்லியாக வேண்டும். நடந்த பிறகு சொன்னால் அது வெறும் ஆறுதல்.

மகளுக்கு இப்போது இரண்டு வயது. ஆரோக்கியமாக இருக்கிறாள். அதனால் நாங்கள் போகாதது சரி என்று ஆகிவிடாது. போயிருந்தாலும் இப்படியே பிறந்திருப்பாள் என்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

போன மாதம் திருநெல்வேலி போயிருந்தோம். ஆச்சியின் கட்டிலில் இப்போது துவைத்த துணிகளைக் குவித்து வைக்கிறார்கள். மகள் அதன் மேல் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தாள். மனைவி துணிகளை மடித்தபடியே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"நீ வேண்டாம்னு சொல்லிருந்தா சண்ட போட்டிருப்பேன். போலாம்னு சொல்லிருந்தா கெளம்பிருப்பேன். நீ ரெண்டுமே சொல்லல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. நான் இன்னொரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.