நிறுத்தும் உரிமை

முதுமையடைந்த ஒரு மனிதன் தன் தொழிலை விடாது செய்துகொண்டிருப்பதைக் காணும்போது, நாம் அவனைப் போற்ற வேண்டுமா? அல்லது, நாணித் தலைகுனிய வேண்டுமா? கேள்வி எளிதாகத் தோன்றலாம், விடை எளிதன்று. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே காணப்படும் இரண்டு வாழ்க்கைகள், உள்ளே ஒன்றுக்கொன்று முற்றிலும் எதிரானவையாக இருத்தல் கூடும்.

களுவாஞ்சிக்குடி, வங்கக் கடலுக்கும் மட்டக்களப்பு வாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய நிலத்தில் அமைந்த ஊர். வாவிக்கு இப்பால் எழுவான்கரை. அப்பால் வயல்கள் விரிந்த படுவான்கரை. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெரு ஊரை ஊடறுத்துச் செல்கிறது. அத்தெருவுக்கு அண்மையில், அயற்கிராமம் ஒன்றில், ஓரிரவு வடமோடிக் கூத்து நடைபெற்றது. வட்டக்களரியின் நடுவே மத்தளத்தை இடுப்பிற் கட்டியவாறு அண்ணாவியார் நின்றார். வயது எழுபதைக் கடந்தவர். அவரருகே சல்லாரிக்காரர், பிற்பாட்டுக்காரர் இருவர். நள்ளிரவு கடந்த வேளையில் பெருந்தெருவில் இரண்டு மோட்டார்ச் சைக்கிள்கள் போட்டியிட்டுப் பறந்தன. அந்த இரைச்சலில் மத்தள ஒலி மூழ்கிற்று. பார்த்திருந்தோரிற் பாதிப்பேர் தெருவை நோக்கித் தலையைத் திருப்பினர். அண்ணாவியார் மட்டும் திரும்பவில்லை. ஆடுபவனுடைய காலையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த இளைஞர்மீது சினங்கொள்வது எளிது. ஆனால் வேகத்தின் மீது மனிதனுக்குள்ள மோகம் நேற்று இன்று தோன்றியதன்று. அமெரிக்காவில் அது ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. 'டிராக் ரேஸ்' என்று அதனை அழைப்பர். வளைவில்லாத நேர்த்தடம், இரண்டு வண்டிகள், விளக்கு பச்சையானதும் பாய்ச்சல். கால் மைல் தூரம், அதாவது ஏறத்தாழ 402 மீற்றர், ஓடி முடிந்தால் எல்லாம் முடிந்தது. நைட்ரோமீத்தேன் எரித்து ஓடும் மிகப் பெரிய வண்டிகளுக்கு ஐந்து விநாடிகூடத் தேவைப்படுவதில்லை. 2008ஆம் ஆண்டில் ஸ்கொட் கலிற்றா என்னும் ஓட்டுநர் தடத்தில் உயிரிழந்தார். அதன் பின்னர் அத்தகைய வண்டிகளுக்குரிய தூரம் 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. வேகத்தையே தெய்வமாகக் கொண்ட அந்த விளையாட்டும், மனித உயிரின் பொருட்டுத் தன் அளவைத் திருத்திக்கொண்டது என்பதை நாம் நினைவிற் கொள்ளவேண்டும்.

அந்த விளையாட்டின் பெரியார் டொன் கார்லிட்ஸ். 1932இற் புளோரிடாவிற் பிறந்தவர். 1970ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஓர் ஓட்டத்தின் தொடக்கத்தில், அவருடைய வண்டியின் பற்சக்கரப் பெட்டி வெடித்துச் சிதறியது. வண்டி இரண்டாகப் பிளந்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி துண்டாயிற்று. அவர் ஓய்ந்துவிடவில்லை. ஓட்டுநனுக்கு முன்னே இருந்த இயந்திரத்தைப் பின்னே வைத்துப் புதுவண்டி சமைத்தார். 1971இல் அதனைக்கொண்டு வென்றார். பின்னர் பிறரும் அவ்வழியையே பின்பற்றினர். 2014இல், தமது 82ஆம் வயதில், மின்கலத்தால் இயங்கும் வண்டியொன்றில் மணிக்கு 184 மைல் வேகத்தை எட்டினார்.

இந்த முதியவரை நாம் தயக்கமின்றிப் போற்றலாம். ஏன்? அவர் அன்று வண்டியில் ஏறாதிருந்தால் அவருடைய அடுப்பு எரியாமற் போயிருக்காது. ஏறுவதும் இறங்குவதும் அவர் விருப்பம். அவருடைய முதுமையின் அழகு, வேகத்தில் இல்லை. அந்த விருப்பத்தில் இருக்கிறது.

இனி, நமது நாட்டின் வடக்கே நிகழும் மாட்டுவண்டிச் சவாரியைப் பாருங்கள். அதுவும் நேர்த்தடந்தான், அதுவும் குறுகிய ஓட்டந்தான். ஆனால் ஓடுவது எருது. முதுகில் தடி விழுகிறது, வாலை முறுக்குகிறார்கள். வென்றால் மாலை சூடுவதும் உண்டு. ஆயினும், ஓடத் தொடங்குவதும் நிறுத்துவதும் எருதின் கையில் இல்லை. கால் தளர்ந்த பின் அதற்கு என்ன நேரும் என்பதைத் தீர்மானிப்பவனும் உரிமையாளனே. எருது எத்துணை விரைவாக ஓடினாலும் அதன் ஓட்டத்தை வீரம் என்று சொல்ல நம் மனம் ஒப்புவதில்லை. விருப்பம் இல்லாத இடத்தில் வீரம் ஏது?

இவ்விரண்டுக்கும் இடையில் எங்கே நிற்கிறார் நம் அண்ணாவியார்? கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

அவருடைய உழைப்பை முதலில் அறிந்துகொள்வோம். கூத்து ஓரிரவு நிகழ்ச்சி என்று நகரத்தார் எண்ணுவர். கிராமத்தில் அது பல மாத உழைப்பு. ஆடுவோரைத் தேர்ந்து சட்டம் கொடுத்தல், பழக்குதல், சதங்கை அணிவித்தல், கிழமைக்கூத்து, அடுக்குப் பார்த்தல், அதன் பின்னரே அரங்கேற்றம். பகலில் வயலிலும் வாவியிலும் உழைத்துக் களைத்து வரும் இளைஞனுக்கு ஆட்டமும் பாட்டும் வசனமும் கற்பிப்பவர் அண்ணாவியார். அரங்கேற்றத்தன்று முன்னிரவிற் கட்டிய மத்தளத்தை விடியலில் அவிழ்க்கும்வரை அவர் நிற்கிறார். அரசனும் மந்திரியும் ஆடி முடித்துத் திரைக்குப் பின்னே சென்று இளைப்பாறலாம். அவருக்கு அந்த ஓய்வும் கிடையாது. 1965இற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 'இராவணேசன்' நாடகத்தை மேடையேற்றினார். ஏட்டுக் கல்வியில் உயர்ந்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் மட்டக்களப்பு அண்ணாவியாரின் கைத்தாளம் வேண்டியிருந்தது. அந்தத் தாளத்துக்கு நாட்டின் அறிவுலகம் அன்று தலைவணங்கியது. நன்று. ஆனால் தலைவணங்குதல் வேறு. கடன் தீர்த்தல் வேறு.

விடிந்த பின் அந்த முதியவரோடு பேசினேன். "அண்ணாவியார், அந்த மோட்டார்ச் சைக்கிள் சத்தத்தில் தாளம் தவறவில்லையா?" என்று கேட்டேன். சிரித்தார். "வேகமா அடிக்கிறதுக்கு ஆக்கள் இருக்காங்க மனே. எங்க நிப்பாட்டிறதெண்டு தெரிஞ்ச ஆள்தான் வேணும்" என்றார். ஆட்டத்தை முடித்து நிறுத்தும் தீர்மானத்தைத்தான் அவர் சொன்னார். இளமையில் விரல்களுக்கு இருந்த விரைவு இப்போது இல்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் ஆடுபவனுடைய மூச்சு எங்கே தளரும், கால் எங்கே பிழைக்கும் என்று முன்னரே அறிந்து தாளத்தை இறக்கவும் ஏற்றவும் முதுமை கற்பித்திருக்கிறது. ஓட்டப்பந்தயத்தில் முதுமை இழப்பு மட்டுமே. கலையில் அது ஒரு சேமிப்பும் ஆகும்.

"இன்னும் எத்தனை காலம் அடிப்பீர்கள்?" என்று கேட்டபோதுதான் அவர் முகம் மாறியது. மழைக்காலத்தில் முழங்கால் வீங்குகிறது. காது ஒன்று மந்தம். நிறுத்தினால் வீட்டில் என்ன செய்வது? அவருடைய கைகள் வலிமையாயிருந்த ஆண்டுகள் போரின் ஆண்டுகள். இரவில் மக்கள் ஒன்றுகூட அஞ்சிய காலத்தில் விடிய விடியக் கூத்தாடுவது எப்படி? போர் 2009இல் முடிந்தபோது அவருடைய இளமையும் முடிந்திருந்தது. ஆட்டங்களுக்கு நிறுத்துமிடம் காட்டும் அம்மனிதருக்குத் தமது உழைப்பை நிறுத்துமிடம் ஒன்று இல்லை.

இங்கே சிலர் குறுக்கிடுவர். "கலை ஒரு தொண்டு; அதனைக் கூலியாற் கணக்கிடலாமா?" என்பர். தொண்டு என்னும் சொல் உயர்ந்ததுதான். ஆனால் அந்தச் சொல்லை யார் யாரை நோக்கிச் சொல்கிறார்கள் என்பதைப் பார்க்கவேண்டும். பந்தல்காரனுக்குக் கூலி உண்டு. ஒலிபெருக்கிக்கு வாடகை உண்டு. மின்விளக்குக்குக் கட்டணம் உண்டு. மத்தளக்காரருக்கு மட்டும் வேட்டியும் சால்வையும் புகழ்மொழியும் போதும் என்றால், அது தொண்டைப் போற்றுதல் அன்று, உழைப்பை மறைத்தல்.

இன்னும் கசப்பான உண்மை ஒன்றுண்டு. கோயிற் சடங்குக்கும் சாவீட்டுக்கும் பறைமேளம் அடிக்கும் கலைஞரிடம், அது அவர்களுடைய சாதிக் கடமை என்று சொல்லி நெடுங்காலமாக ஊழியம் வாங்கியது நம் சமுதாயம். கலையாகக் கேட்டு மகிழ்ந்தது. கலைஞரைத் தீண்டாது விலக்கியது. இன்று அவர்களுடைய பிள்ளைகள் மேளத்தைத் தொட மறுத்தால், "அருங்கலை அழிகிறதே!" என்று அங்கலாய்க்கின்றவர்களில் எத்தனைபேர் அந்தத் தகப்பனைத் தம் வீட்டுத் திண்ணையில் இருத்தினார்கள்? மறுக்கும் அந்த இளைஞன் கலையைப் பகைக்கவில்லை. தன் தந்தையைக் கட்டியிருந்த கயிற்றைப் பகைக்கிறான். மறுக்கும் உரிமை உள்ளவன் நாளை தன் விருப்பத்தோடு மேளத்தை எடுத்தால், அன்றே அது முழுமையான கலையாகும்.

அரசு என்ன செய்தது? 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம், தொழில் கொடுப்போனும் சம்பளப் பதிவும் உள்ளவர்களுக்கு முதுமையில் ஒரு பிடிமானம் தந்தது. அண்ணாவியாருக்குத் தொழில் கொடுப்போன் யார்? ஊர் முழுவதும்; ஆகவே ஒருவருமில்லை. 1987இற் கமக்காரருக்கும் 1990இல் மீனவருக்கும் ஓய்வூதியச் சட்டங்கள் பிறந்தன. அவற்றின் நடைமுறையிற் குறைகள் பலவாகலாம். ஆயினும், சம்பளப் பதிவில்லாமல் உழைக்கிறவனும் முதுமையில் ஓய்வுக்கு உரியவனே என்ற நியாயத்தை அவை நிலைநாட்டின. அந்த நியாயம் களரிக்கும் பொருந்தாதா? மூத்த கலைஞருக்குக் கலாபூஷணம் விருது வழங்கப்படுகிறது. விருதை நாம் இகழவில்லை. ஆனால் பொன்னாடை ஒருநாள், பசி நாள்தோறும். புகழின் உச்சியில் இருந்தோருக்கும் புகழ் சோறாவதில்லை. ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான் 2001இற் பாரத ரத்னா பெற்றவர், 2006இற் காலமானார். அவருடைய இறுதிக்காலம்வரை ஒரு பெருங்குடும்பம் அவருடைய மூச்சையே நம்பியிருந்தது. அத்தகைய பெயரில்லாத கிராமக் கலைஞரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

அண்ணாவியாரை வலிந்து ஓய்வெடுக்கச் செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது மற்றொரு கொடுமை. மத்தளத்தைப் பறித்துவிட்டு அவரைத் திண்ணையில் இருத்தினால் அவர் உடைந்துபோவார். அவர் மேலும் பத்தாண்டு அடிக்கட்டும்; களரியில் நின்றபடியே முதுமையை வெல்லட்டும். ஆனால் நாளைக் காலை உலையில் அரிசி வேண்டும் என்பதற்காக அன்று. நிறுத்த இயலும் என்ற உரிமை உள்ளவன் நிறுத்தாதிருப்பதே தவம். நிறுத்த இயலாதவன் நிறுத்தாதிருப்பது, எருதின் ஓட்டம்.

இந்த உரிமையைக் கொடுக்க நாம் விண்ணுலகத்தை எதிர்பார்க்க வேண்டியதில்லை. கோயில் வண்ணக்கர்கள் சடங்குக் கணக்கில் ஒலிபெருக்கிக்கு எழுதும் வரிக்கு அடுத்த வரியில் மேளக்காரரின் பங்கை எழுதலாம். கூத்துக்கெனத் திரட்டும் பணத்தில் ஒரு பகுதியை ஊரின் மூத்த கலைஞருக்கென்று ஆண்டுதோறும் ஒதுக்கலாம். பிரதேச சபையும் கலாசாரத் திணைக்களமும் கமக்காரருக்கு ஒப்புக்கொண்ட நியாயத்தைக் கலைஞருக்கும் ஒப்புக்கொள்ளுமாறு நாம் குரலெழுப்பலாம். இவை தருமம் அல்ல. விடிய விடிய நின்று நம்மை மகிழ்வித்த கால்களுக்கு நாம் செலுத்த வேண்டிய நிலுவை.

அன்று காலை அண்ணாவியார் மத்தளத்தைத் துணியிற் சுற்றிக்கொண்டு பெருந்தெருவோரமாக நடந்தார். இரவு பந்தயம் ஓடிய இளைஞரில் ஒருவன் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க அப்பா, கொண்டுபோய் விடுறன்" என்றான். அவர் ஏறிக்கொண்டார். மத்தளம் சரிந்துவிடக்கூடும் என்று அஞ்சி, அவன் மிகவும் மெதுவாக ஓட்டிச் சென்றான்.