நிமிர்ந்து நிற்றல்

நிலவை எட்டுதல் அரிது; எட்டியபின் அங்கே நிமிர்ந்து நிற்றல் அதனினும் அரிது. 2019 செப்டம்பர் 7 அன்று நமது விக்ரம் கலம் நிலவில் மோதி வீழ்ந்தது. 2024 ஜனவரியில் ஜப்பானின் 'ஸ்லிம்' தலைகுப்புற இறங்கிற்று. அடுத்த மாதமே அமெரிக்கத் தனியார் கலமாகிய 'ஒடிசியஸ்' கால் முறிந்து சாய்ந்தது. 2025 மார்ச்சில் அந்நிறுவனத்தின் 'அதீனா'வும் பக்கவாட்டில் படுத்துவிட்டது. காரணம் யாது?

நிலவில் காற்றில்லை, பாராசூட் பயன்படாது. வானொலிக் குறிப்பு சென்று மீள இரண்டரை நொடியாகும். இறுதிக் கணங்களில் எவரும் கைகொடுக்க இயலாது. இவற்றினும் நுட்பமானது ஒன்றுண்டு. அங்கே ஈர்ப்பு புவியீர்ப்பில் ஆறில் ஒரு பங்கே. கலத்தின் எடை குறைகிறது, நிறையோ குறைவதில்லை. பக்கவாட்டு வேகம் முழு வலிமையோடு தள்ள, கலத்தைப் பிடித்து நிறுத்தும் ஈர்ப்பு மெலிந்துவிடுகிறது. சிறிது நகர்ந்தபடி இறங்கினாலும் கால் இடறிக் கவிழக்கூடும்.

வங்கக் கடல் கடந்து ஜங்லிகாட்டில் குடியேறிய நமக்கும் இது பொருந்தும் அன்றோ? சொந்த ஊரில் நம்மை நேராக நிறுத்தியது நம் ஒழுக்கம் மட்டுமா? பங்காளிகளின் கண்ணும், பெரியவர்களின் சொல்லும், நாலுபேர் என்ன சொல்வார்களோ என்ற அச்சமும் சேர்ந்து இழுத்த ஈர்ப்பும் அல்லவா? கரையேறிய இடத்தில் அவ்வீர்ப்பு மெலிகிறது. ஆசையும் அகந்தையும் மட்டும் சற்றும் குறையாமல் உடன் வந்துவிடுகின்றன. 'இங்கே நம்மை யார் அறிவார்?' என்று எண்ணும் கணமே கலம் சாயும் கணம்.

அவ்வாறாயின், காண்பார் இல்லாத இடத்தில் நேர்மை எதனால் நிற்கும்? விடை சந்திரயான் மூன்றில் உள்ளது. விழுப்புரத்துத் தமிழர் வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்த அப்பணியில், 'எவ்வாறு வெல்வோம்?' என்பதினும் 'எங்கெங்கே தவறக்கூடும்?' என்பதே முதற்கேள்வியாயிற்று. கால்கள் உரம் பெற்றன. தன் வேகத்தைத் தானே அளந்தறியும் லேசர் கருவியும் சேர்ந்தது. நிலவு மண்ணை ஒத்த நாமக்கல் மண்ணோ முன்னரே சந்திரயான் சோதனைகளுக்குத் துணைநின்றிருந்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று கலம் நிமிர்ந்து நின்றது.

தாய்மண் நம்மைக் காவல் காப்பதற்கன்று, பழகிக்கொள்வதற்கே. அங்கே பழகிய கால்களும், தன் வேகத்தைத் தானே அளக்கும் மனமும் உடையவர் எம்மண்ணிலும் நிற்பர். நம் பிள்ளைகள் இன்னும் எத்தனை கரைகளில் இறங்குவரோ! அங்கெல்லாம் நாம் உடன்செல்ல இயலாது. அவர்க்கு நாம் தரவேண்டிய சீர் இவ்விரண்டே.